பூஜை அலமாரிக்குப் போன சட்டப் புத்தகம்

வக்கீல் ஆபீசுக்கு லைப்ரரியன் எதற்கு என்று என்னைக் கேட்காதவர்கள் வில்லியனூரில் குறைவு. முதல் இரண்டு வருஷம் நானும் யாருக்கும் சரியான பதில் சொன்னதில்லை. எனக்கே தெரியாது என்பதுதான் காரணம்.

எழுபதுகளின் நடுவில் சென்னையில் நூலகப் பயிற்சி முடித்து, சான்றிதழைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். அரசு நூலகத்தில் வேலை நிச்சயம் என்று வீட்டில் எல்லாரும் நம்பியிருந்தார்கள். கிடைத்தது மாட வீதியில் ஒரு வக்கீல் ஆபீஸ். மாமனாரும் மருமகனும் சேர்ந்து நடத்தியது. ஊரில் மாமனாரைப் பெரியவர் என்றும் மருமகனைச் சின்னவர் என்றும் சொல்வார்கள்; நானும் அப்படியே சொல்கிறேன். பெரியவர் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தபோது சட்டம் படித்தவர். இந்தியச் சட்டங்கள் வந்ததும் நாற்பது வயதுக்கு மேல் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். சின்னவர் சென்னையில் படித்து வந்தவர். மாமனார் பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் பேசி ஆங்கிலத்தில் வாதாடுகிறார் என்று அவர் சொல்வார், மாமனார் கோர்ட்டுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து.

என்னை வேலைக்கு எடுக்கக் காரணம் கரையான். ஒருநாள் கோர்ட்டில் நீதிபதி, நீங்கள் சொல்லும் தீர்ப்பைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். பெரியவர் புத்தகத்தைத் திறந்தால், முந்நூறு பக்கத்துக்கு நடுவே சுரங்கம். அந்த ஓட்டை வழியாகவே நீதிபதி இவரைப் பார்த்தார் என்பது சின்னவரின் கட்சி. பெரியவர் அதைக் கடைசி வரை மறுத்தார். ஆனால் நேர்முகத் தேர்வில் என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி.

“கரையானுக்கு இன்னா பண்ணுவ?”

அலமாரியைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி நிறுத்துவேன், காலுக்கடியில் தார் பூசுவேன், வெயில் நாளில் புத்தகங்களை வெளியே எடுத்து உதறுவேன் என்றேன். நாளைக்கே வந்துவிடச் சொன்னார். சான்றிதழை அவர் பார்க்கவேயில்லை.

ஆபீசில் குமாஸ்தா ஒருவர் இருந்தார். ஐம்பது வயது, வெற்றிலை, எந்த வாய்தா எந்தத் தேதி என்பதெல்லாம் மனப்பாடம். அதுவரை புத்தகங்களை அடுக்கியவர் அவர்தான். நெட்டையெல்லாம் மேலே, குட்டையெல்லாம் கீழே. கட்சிக்காரர் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே சிவப்பு முதுகும் தங்க எழுத்துமாக ஒரு வரிசை. அதெல்லாம் பிரெஞ்சுப் புத்தகங்கள். எப்போதாவது யாருடைய தாத்தாவோ பழைய சட்டப்படி எழுதி வைத்த உயில் வந்தால்தான் அவற்றைத் தொடுவார்கள். அவற்றை உள் அறைக்கு மாற்றிவிட்டு, தினமும் தேவைப்படும் தீர்ப்புத் தொகுதிகளை வருஷவாரியாக முன்னால் வைத்தேன். அவை சாயம் போன பழுப்பு அட்டைகள்.

குமாஸ்தாவுக்கு அது ஆகவில்லை. கட்சிக்காரன் வந்து உட்கார்ந்ததும் இந்த ஆபீசில் சட்டம் நிறைய இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா என்றார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள், சின்னவர் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு தொகுதி கேட்டுக் கத்த, நான் அரை நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தேன். முன்பெல்லாம் அதற்கு அரை மணி நேரம் ஆகும். அன்றைக்கு மத்தியானம் குமாஸ்தா தன் பங்கு வடையில் ஒன்றை என் மேஜையில் வைத்தார். பேச்சு மறுபடி தொடங்கியது.

அடுத்து, எந்தப் புத்தகம் எங்கே என்று எழுதும் கார்டுகளை வைக்க இழுப்பறைப் பெட்டி கேட்டேன். ஊர் ஆசாரிக்கு லைப்ரரிப் பெட்டி என்றால் என்னவென்று தெரியவில்லை. படம் போட்டுக் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டு, நாட்டு மருந்துக் கடைக்குச் செய்வது போலவே நாற்பது குட்டி அறையும் பித்தளைக் குமிழுமாகச் செய்து கொண்டுவந்து இறக்கினார். அதிலிருந்து சின்னவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் திப்பிலி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

புத்தகம் எடுப்பவர் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டு, எடுத்த இடத்தில் சொருகிவிட்டுப் போக வேண்டும் என்றும் விதி வைத்தேன். தன் புத்தகத்தை எடுக்கத் தானே கையெழுத்துப் போட வேண்டுமா என்று பெரியவர் கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்குப் போட்டார். மறுநாளிலிருந்து கையெழுத்துப் போடுவதைத் தவிர்க்கச் சீட்டே இல்லாமல் எடுக்க ஆரம்பித்தார். அவர் மேஜைக்கடியில், கார் பின்சீட்டில், ஒரு தடவை ஆடும் மின்விசிறிக்கு முட்டாக என்று நான் தேடித் தேடிப் பொறுக்கி வருவேன்.

இதைவிடப் பெரிய தொல்லை, வக்கீல்கள் தீர்ப்புகளை நினைவு வைத்திருந்த விதம். வருஷமும் பக்க எண்ணும் அவர்களுக்கு மறந்துவிடும். “அந்தக் கெணறு கேஸு. ஒரு விதவை வருவாங்கல்ல, எடது பக்கத்துல கீழ இருக்கும்” என்பார் சின்னவர். பெரியவர், மாமியார் மருமகளைச் சாட்சி சொல்ல விடாத வழக்கு வேண்டும் என்பார். பாடத்தில் சொல்லிக்கொடுத்தபடி போட்ட கார்டுகளில் மாமியார் கிடையாது. அதனால் தனியாக இன்னொரு வரிசை எழுத ஆரம்பித்தேன். கிணறு, விதவை, மாமியார், காணாமல் போன காளை, இரண்டு பேருக்கு விற்ற மனை. இந்தக் கார்டு எழுத வேண்டுமென்றால் தீர்ப்பைப் படித்தாக வேண்டும். யாரும் சொல்லாமலேயே, புத்தகங்களைத் துடைக்க வந்தவள் அவற்றைப் படிக்கிறவளாக மாறினேன். ஆனால் படித்ததை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு தொகுதி காணாமல் போனது.

பாகூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர் எங்கள் கட்சிக்காரர். அவருக்கும் தம்பிக்கும் வாய்க்கால் தகராறு. அப்பா இறந்தபின் நிலத்தைப் பிரித்ததில், மேட்டு நிலம் அண்ணனுக்கும் பள்ள நிலம் தம்பிக்கும் வந்தது. ஏரித் தண்ணீர் மேட்டு நிலத்தைத் தாண்டித்தான் தம்பிக்குப் போக வேண்டும். பாகப் பத்திரத்தில் வாய்க்காலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் நிலத்தில் ஓடும் வாய்க்கால் என்னுடையது என்று அண்ணன் மண்ணைக் கொட்டி அடைத்துவிட்டார். தம்பி கோர்ட்டுக்குப் போனார். ஐந்து வருஷமாக வாய்தா நடந்துகொண்டிருந்தது.

இறுதி விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது சின்னவர் அந்தத் தொகுதியைக் கேட்டார். அலமாரியில் அது இருந்த இடம் காலி. சீட்டும் இல்லை. மேஜைக்கடி, கார், மின்விசிறி, எங்கும் இல்லை. புதுச்சேரியில் வக்கீல்கள் சங்க லைப்ரரியில் கேட்டால், அவர்களிடமிருந்ததை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் குமாஸ்தா மெதுவாக என்னிடம் வந்தார். போன வாரம் பெரியவர் அந்தத் தொகுதியை எடுத்துக் கட்சிக்காரர் முன்னால் திறந்து, ஒரு பக்கத்தைத் தட்டிக் காட்டி, உன் கேஸ் மொத்தமும் இதற்குள் இருக்கிறது, தைரியமாகப் போ என்றாராம். பெரியவர் சாப்பிட எழுந்துபோனார். கட்சிக்காரர் கிளம்பும்போது அவருடைய மஞ்சப்பை கொஞ்சம் கனமாகத் தெரிந்ததாம்.

“வெல்லம்னு நெனச்சன்மா” என்றார் குமாஸ்தா.

ஆபீசுக்கு வருகிறவர் வெல்லத்தைக் கொண்டுவருவாரே ஒழிய, இங்கிருந்து கொண்டுபோவாரா என்று கேட்டேன்.

ஆள் அனுப்பினால் கட்சிக்காரருக்கு அவமானமாகிவிடும், லைப்ரரிப் பெண் போனால் புத்தகம் சரிபார்க்க வந்ததாக இருக்கும் என்று பெரியவர் முடிவு செய்தார். மறுநாள் காலை கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர் போகும் பஸ்ஸில் ஏறினேன். வேலையில் சேர்ந்தபிறகு ஒரு புத்தகத்தைத் தேடி நான் ஊர் தாண்டியது அதுதான் முதல் தடவை.

வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேர் வீடும் ஒட்டினாற்போல, நடுவில் ஒரு சுவர். கட்சிக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கண்டதும் அவர் கண் உள்ளே போய்ச் சாமி அலமாரியில் நின்றது. எனக்கு அது போதும். முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவே எங்கள் தொகுதி இருந்தது. புதுத் துண்டு விரித்து, அட்டையில் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, மேலே ஒரு கண்ணி மல்லிகை. எங்கள் ஆபீசில் எந்தப் புத்தகத்துக்கும் அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை. கரையான் அண்டாத இடமாகவும் பார்த்து வைத்திருந்தார் என்பதை நான் கவனித்துக்கொண்டேன்.

கேட்டதும் அவர் மறைக்கவில்லை.

“கேஸு இதுலதான் கீதுன்னு அய்யா சொன்னாரு. எங்கிட்ட இருந்தா அவன் வக்கீலு எப்படிப் படிப்பான்?”

பைத்தியக்காரத்தனமாக எடுத்துப் போயிருப்பார் என்று நினைத்து வந்தவளுக்கு, அதில் இருந்த கணக்கு ஆச்சரியமாக இருந்தது. இதைப் போல நூற்றுக்கணக்கில் அச்சடித்து ஊர் ஊராக விற்கிறார்கள், உங்கள் தம்பியின் வக்கீலிடமும் ஒன்று இருக்கும் என்று சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. இத்தனை நாள் பூப் போட்டதெல்லாம் எதற்கு என்பது போல அலமாரியைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை எடுத்து, பூவை நகர்த்திவிட்டு, என் கையில் கொடுத்தார். கொடுத்தவர் பிடியை மட்டும் விடவில்லை.

“இவ்ளோ தூரம் வந்துட்ட. உள்ள இன்னா எழுதிகீதுன்னு படிச்சுச் சொல்லு பாப்பா.”

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எடுத்துக் கொடு, எடுத்து வை, துடை, தேடு, இவ்வளவுதான் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. உட்கார்ந்தேன். பெரியவரின் அடையாளச் சீட்டு ஒரு வாய்க்கால் தீர்ப்பின் நான்காம் பக்கத்தில் இருந்தது. தீர்ப்பின் ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னேன்.

அந்த வழக்கிலும் அண்ணன் தம்பி. அங்கேயும் பாகப் பிரிவினை, வாய்க்கால், வாய் திறக்காத பத்திரம். அண்ணன் தரப்பு வாதம் நான்காம் பக்கம் வரை ஓடியது. என் நிலம், என் மண், பத்திரத்தில் இல்லாத உரிமை வானத்திலிருந்தா வரும் என்றெல்லாம் அந்த வக்கீல் வெளுத்து வாங்கியிருந்தார். எங்கள் கட்சிக்காரர் தொடையில் தட்டித் தட்டிக் கேட்டார். நானே அந்த வாதத்தை எழுதியது போல என்னை மெச்சினார். அவர் மனைவி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொடுக்கச் சொன்னார்.

பக்கத்தைத் திருப்பினேன். ஐந்தாம் பக்கம் ‘ஆனால்’ என்று தொடங்கியது.

 அடுத்த பத்து வரியைக் கண்ணாலேயே ஓட்டினேன். நிலம் ஒன்றாக இருந்தபோதே வெளிப்படையாக ஓடிய வாய்க்கால், பிரித்தபிறகும் கீழ் நிலத்துக்கு உண்டு. பத்திரத்தில் எழுதாவிட்டாலும் உண்டு. மேல் நிலத்துக்காரர் அடைக்க முடியாது என்று தீர்ப்பு முடிந்தது. பெரியவர் வாதத்தைப் படித்துவிட்டு, தீர்ப்பைப் படிக்காமல் சீட்டு வைத்திருக்கிறார்.

ஏன் நிறுத்திவிட்டாய் என்றார் கட்சிக்காரர். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்திருக்கலாம். ஆபீசுக்குப் போய்ப் பெரியவரிடம் முதலில் சொல்வதுதான் முறை என்றும் தெரியும். ஆனால் கையில் காப்பி டம்ளர், எதிரே சிரித்த முகம், புத்தகமோ திறந்திருக்கிறது. பாதியில் மூடினால் நான் பொய் சொன்னது போல ஆகும் என்று தோன்றியது. படித்தேன். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கிப் போயிருக்கும்.

படித்து முடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி வீட்டில் யாரோ துணி துவைப்பது கேட்டது. முதலில் பேசியது அவர் மனைவிதான்.

“அஞ்சு வருசமா நான் சொன்னதத்தான் அதுவும் சொல்லுது. எனுக்கு இங்கிலீசு தெரியாது, அதான் யாரும் கேக்கல.”

கட்சிக்காரர் எழுந்தார். புத்தகத்தை அந்தத் துண்டிலேயே சுற்றிக் கொடுத்தார். பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தார். பஸ் வந்ததும், தீர்ப்பில் வரும் அந்த அண்ணன் பிற்பாடு தம்பியோடு பேசினானா என்று கேட்டார். அது இதில் எழுதவில்லை என்றேன். இவ்வளவு தடிப் புத்தகத்தில் முக்கியமானதை எழுதாமல் விட்டுவிட்டார்களே என்று அவர் வருத்தப்பட்டார்.

தொகுதியை அலமாரியில் வைத்துவிட்டு, பெரியவரிடம் சொல்லக் காத்திருந்தேன். அவர் அன்று முழுக்கக் கோர்ட்டில் இருந்தார். உண்மையைச் சொன்னால், அவர் வந்தபிறகும் எனக்குத் தைரியம் வரவில்லை. விடிந்தால் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். விடிந்ததும் நான் போவதற்குள் அண்ணனும் தம்பியும் ஒரே சைக்கிளில் வந்து ஆபீஸ் வாசலில் இறங்கியிருந்தார்கள். சமாதானம் எழுத வேண்டும் என்றார்கள். வாரத்தில் மூன்று நாள் அண்ணனுக்கு, மூன்று நாள் தம்பிக்கு, ஏழாம் நாள் யார் பயிர் வாடுகிறதோ அவருக்கு. ஏழாம் நாளைச் சட்ட மொழியில் எப்படி எழுதுவது என்று சின்னவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பெரியவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“பொஸ்தகத்த எடுத்தாரச் சொன்னா கேஸையே முடிச்சிட்டு வந்துகீற.”

படிக்கச் சொன்னார், படித்தேன் என்றேன். சத்தமாகப் பேசாத மனிதர் அவர். அன்றும் சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கட்சிக்காரனுக்கு எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பது வக்கீலின் வேலை. புத்தகத்தைக் காப்பது உன் வேலை. இரண்டையும் நீயே பார்த்தால் வாசலில் என் பெயர் எதற்கு என்று கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முதலில் ஆபீசில் சொல்லியிருக்க வேண்டும், தப்புதான் என்று ஒப்புக்கொண்டேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். போகிறதே போகிறது என்ற தைரியத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட்டேன்.

“ஒங்க சீட்டு நாலாவது பக்கத்துல இருந்துது சார். தீர்ப்பு அஞ்சாவது பக்கத்துல.”

தொகுதியைக் கொண்டுவரச் சொன்னார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்தாம் பக்கத்தைப் படித்தார். ஆறாம் பக்கத்தையும் படித்தார். மூடிவிட்டு, விரலில் ஒட்டிய குங்குமத்தை வேட்டியில் துடைக்கப் போனவர், வெள்ளை வேட்டி என்று நினைவு வந்து கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் போகச் சொன்னார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து வந்த உத்தரவு எழுத்தில் இருந்தது. ஒன்று, லைப்ரரியன் இனிமேல் எந்தக் கட்சிக்காரர் வீட்டுக்கும் போகக்கூடாது. இரண்டு, கோர்ட்டுக்குப் போகும் எந்தத் தீர்ப்பையும் லைப்ரரியன் கடைசி வரி வரை படித்து, பிற்பாடு வேறு கோர்ட் அதை மாற்றியிருக்கிறதா என்றும் பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்தபிறகே எடுத்துப் போக வேண்டும். முதல் வரி எனக்குத் தண்டனை. இரண்டாவது வரி யாருக்கு என்று சின்னவர் கேட்டார். நான் சொல்லவில்லை.

அப்படித்தான் என் வேலை மாறியது. காலையில் புத்தகங்களைத் துடைப்பதை ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு மீதி நாளெல்லாம் படித்தேன். தாள் எழுதும் பழக்கம் முதலில் எல்லாருக்கும் எரிச்சலாக இருந்தது. சின்னவர் ஆசையாக எடுத்து வைத்திருந்த ஒரு தீர்ப்பை, இரண்டு வருஷம் கழித்து மேல் கோர்ட் ரத்து செய்துவிட்டதைக் கண்டுபிடித்துச் சொன்ன அன்றோடு அவருடைய எரிச்சல் போனது. அடுத்த வழக்கிலிருந்து, எழுதி முடித்துவிட்டாயா என்று அவரே வந்து நிற்க ஆரம்பித்தார்.

எண்பதுகளில் புதுச்சேரியில் ஜெராக்ஸ் மெஷின் வந்தது. தொகுதிகளைத் தூக்கிக்கொண்டு போவது நின்றது, வேண்டிய பக்கத்தை மட்டும் எடுத்துப் போனார்கள். இனி லைப்ரரியனுக்கு வேலை இல்லை என்று பக்கத்து ஆபீஸ் வக்கீல் ஒருவர் என்னிடம் அனுதாபமாகச் சொன்னார். எனக்கோ வேலை இரட்டிப்பாகியிருந்தது. அந்த மெஷின்காரர் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டால் ஒன்றை விட்டுவிடுவார், வக்கீல்களும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு ஜெராக்ஸ் கட்டையும் எண்ணிப் பார்த்துக் குண்டூசி குத்துவதும் என் தலையில் விழுந்தது.

அந்த நாட்களில் ஒருமுறை, ஒரு பெரிய குடும்ப வழக்குக்காக இரண்டு வக்கீல்களும் குமாஸ்தாவும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்ட தொகுதியைக் கொடுத்துவிட்டு நான் திரும்பப் போனேன். பெரியவர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலி. உட்கார்ந்தேன். வழக்கை எனக்கு முதலிலிருந்து சொன்னார். சொல்லிவிட்டு, கேட்டார்.

“நீ இன்னாம்மா சொல்ற?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எத்தனையோ வருஷமாக இப்படி ஒருநாள் கேட்பார்கள் என்று நினைத்து, என்னென்னவோ பதில்களை மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். அந்த வழக்கைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் படிக்கவில்லை சார், மத்தியானம் சொல்கிறேன் என்றேன்.

பெரியவர் வழக்குக் கட்டைக் கட்டி வைத்தார். மத்தியானம் பேசிக்கொள்ளலாம் என்று மற்ற இரண்டு பேரையும் எழுப்பி அனுப்பினார். நான் முன்னால் போய்த் தீர்ப்புத் தொகுதிகளின் அலமாரியைத் திறந்தேன்.